நுரையீரலுக்கும் உண்டு ஏர் ஃபில்டர்

ஆட்டோமொபைல் லேபில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசி தட்டுகிறோம். நம் மூச்சுக்குழாயிலும் ஒரு ஃபில்டர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகையிலைப் புகை முதலில் முடக்குவது இவற்றைத்தான். இதைக் கழற்றித் தட்ட வழியில்லை. தேங்கிய சளியை வெளியேற்ற உடம்பு இருமுகிறது. "பீடி இருமல்தானே" என்று நம்ம ஊரில் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்த "தானே" ஆளையே கொல்லக்கூடியது.

தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு. என் காலேஜ் ஃபீஸிலும் அம்மா சுற்றிய பீடிக் கூலி இருக்கிறது. பீடியைத் திட்டி எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும், "சிகரெட்டைவிடத் தூள் கம்மி, சுற்றியிருப்பது வெறும் இலை, ஒண்ணும் பண்ணாது" என்பது சுத்தப் பொய். பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் அவ்வளவுக்கு உள்ளே போகும்.

பெரிய சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. விடாத இருமல், உடல் மெலிவு, சளியில் ரத்தம். டி.பி.க்கும் இதே அடையாளம், நுரையீரல் புற்றுக்கும் இதே அடையாளம். எக்ஸ்ரேயில் இரண்டும் நிழலாகவே விழும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்குச் சளியில் கிருமி தெரியாமலே மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை போனது. கடைசியில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது புற்று மறுபக்க நுரையீரலுக்கும் பரவியிருந்தது. டாக்டரை மட்டும் குறை சொல்லி என்ன? இருமல் தொடங்கி ஆறு மாதம் கழித்துத்தான் அவர் ஆஸ்பத்திரிப் படியே ஏறினார்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கிருமி இல்லை என்று வந்தாலும், மருந்து சாப்பிட்டும் குறையாவிட்டாலும், "சி.டி. எடுக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பும் தூரம்தான். கட்டி சிறிதாக, ஒரே இடத்தில் இருக்கும்போது தெரிந்தால் ஆபரேஷனில் அந்தப் பகுதியை எடுத்துவிட முடியும்.

அறிகுறிக்கு முன்பே கண்டுபிடிக்கலாமா? அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட கடும் புகைப்பாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. குறைந்த கதிர்வீச்சு சி.டி.யை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று மரணம், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட 20 சதவீதம் குறைந்ததாக 2011-ல் முடிவு வந்தது. நம் நாட்டில் பழைய டி.பி. தழும்பும் கட்டி மாதிரித் தெரிவதால் வீண் பயத்துக்கும் இடம் உண்டு. எனவே ஐம்பது வயது தாண்டி, பல வருடம் புகைத்த அப்பா, மாமாக்கள் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டியது இது.

புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வரும். நம்ம பிராஞ்சுகளைப் பாருங்கள். சிவிலில் கல் அறுக்கும் சிலிகா தூசி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மெக்கானிக்கலில் வெல்டிங் புகை. ஆட்டோமொபைலில் டீசல் புகை (2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை உறுதியான புற்றுக்காரணி என்று அறிவித்தது). கர்ச்சீப் கட்டினால் நுண்தூசி நிற்காது. கல்லை நனைத்து அறுக்க வேண்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், தூசிக்குத் தகுந்த மாஸ்க் வேண்டும்.

கடைசியாகக் குற்றால சீசன். மெயின் அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு வந்ததும், "ஒரு தம் போட்டா சூடு ஏறும்டா" என்று நீட்டும் நண்பன் எல்லா கேங்கிலும் இருக்கிறான். நிஜத்தில் நிகோடின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல் இன்னும் சில்லிட்டுத்தான் போகும். சுக்குக் காப்பி குடியுங்கள்! ஏற்கெனவே பழகியவர்கள் இப்போது விட்டாலும் லாபமே. நிறுத்திப் பத்துப் பதினைந்து வருடத்தில் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு உள்ளதில் பாதியாகிறது. தனியாக விட முடியவில்லை என்றால் மத்திய அரசின் இலவச போன் 1800-11-2356.