பணம் போன தடம்: கேள்வி-பதில்

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். கம்பெனிகளில் நடக்கும் நிதி மோசடிகளையும் அவற்றைப் புலனாய்வு செய்யும் முறையையும் கற்க ஆசை. எந்தக் கோர்ஸில் சேரலாம்?
– மாணவி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: கோர்ஸ் பிறகு. முதலில் ஒரு வழக்கை அடி முதல் நுனி வரை படியுங்கள். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வழக்கே போதும். புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். டெபாசிட் ரசீதுகள் போலி. ஆண்டுக்கணக்கில் அந்தப் பொய்க் கணக்குகளுக்கு ஆடிட்டர்களின் கையெழுத்தும் கிடைத்தது. 2015 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் 7 ஆண்டு சிறை விதித்த பத்துப் பேரில் முன்னாள் ஆடிட்டர்கள் இருவரும் உண்டு.

இன்றைக்கும் ஆடிட் ஆபீஸ் பிள்ளைகள், அக்கவுண்டன்ட் நீட்டும் பிரின்ட் அவுட்டுக்கு டிக் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கணக்கு எழுதியவரிடமே கணக்கு சரியா என்று கேட்பதா? பேங்குக்கு நேராக எழுதுங்கள். பதிலும் நேராக உங்கள் கைக்கு வரட்டும். ஜவ்வரிசி ஆலையில் விற்பனை இரட்டிப்பு என்றால், மரவள்ளிக் கிழங்குக் கொள்முதல், எடைச்சீட்டு, கரன்ட் பில், லாரி வாடகை எல்லாம் கூடவே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் பில் பொய். இந்தப் பழக்கம் வந்த பிறகு, காந்திநகர் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தின் படிப்புகளைப் பாருங்கள்.

கேள்வி: மாதம் 10 சதவீத வட்டி தருகிறார்களாம். பணம் போடலாமா?
– வாசகர், வாழப்பாடி

பதில்: கூடாது.

கேள்வி: எங்கள் கம்பெனி கேஷியர் மேல் சந்தேகம். அவர் கம்ப்யூட்டரை நானே திறந்து பார்க்கலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: தொடாதீர்கள்! ஃபைலைத் திறந்தாலே அதன் தேதிப் பதிவுகள் மாறலாம். நிபுணர்கள் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாதபடி தடைபோட்டு, அப்படியே நகலெடுத்து, அதன் டிஜிட்டல் கைரேகையான ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழிலும் அது இடம்பெற வேண்டும்.

கேள்வி: இரட்டிப்புத் திட்டமொன்றில் பணம் கட்டி ஏமாந்தேன். ரசீது இல்லை, வெளியே சொல்லவும் வெட்கம். புகார் எடுபடுமா?
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: எடுபடும், அம்மா. வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவர்தான். 2025 ஜனவரியில் உங்கள் அம்மாப்பேட்டையிலேயே, கல்யாண மண்டபத்தில் அறக்கட்டளையின் பெயரில் பணம் வசூலித்தவர்களிடம் போலீசார் 12 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைப்பற்றினார்கள். அந்த வழக்கிலும் பணம் கட்டியவர்கள் பலர் புகார் தரத் தயங்கினார்கள். பாஸ்புக், ஜிபே பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் ஆதாரமே. எதையும் அழிக்காதீர்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி சொத்துகளை முடக்கி, விற்று, பணத்தைப் பிரித்துத் தர வழியுண்டு.

ஆனால் காலம் பிடிக்கும். 2009-இல் வெடித்த திருப்பூர் ‘பாசி’ நிதி நிறுவன மோசடியில் 2022 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் சொத்து வேறு பெயருக்குக் கைமாறலாம். நாளைக்கே பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். உங்களோடு பணம் கட்டிய பக்கத்து வீட்டாரையும் கூட்டிப் போங்கள்.