மாராவுக்கு முன் கவுடுல்ல

திருகோணமலை

அன்பு மருமகளுக்கு,

கென்யாவுக்குக் கொண்டுபோக நீ எழுதி அனுப்பிய சாமான் பட்டியலை ஆறுதலாக இருந்து வாசித்தேன். புதுக் கமரா, புது லென்ஸ், புது முக்காலி, புதுப் பை, புதுச் சப்பாத்து. உன் கை பழகிய சாமான் ஒன்றுகூட அதில் இல்லை. எனக்கு அதுதான் யோசனையாக இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு நீ காசு சேர்த்த பாடு எனக்குத் தெரியும். நீ போகிற காலத்தில், அதாவது ஜூலை முதல் டிசம்பர் வரை, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் மட்டுமே வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 200 டொலர். அங்கே போய் நின்றுகொண்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடக்கூடாது பிள்ளை.

பட்டியலைப் பாதியாக வெட்டு. நீ வெட்டாவிட்டால் விமானக்காரர்கள் வெட்டுவார்கள். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் போகும் சின்ன விமானங்களில் ஆளுக்கு 15 கிலோதான். கைப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், அமுக்கினால் அமுங்குகிற துணிப் பை கொண்டு போ. உடுப்பு மூன்று சோடி போதும். பெரும்பாலான முகாம்களில் தோய்த்துத் தருவார்கள். உபரி பற்றரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லிதியம் பற்றரியைத் தனியாகப் பெரிய பையில் போட்டு அனுப்ப எந்த விமானத்திலும் விடமாட்டார்கள்.

முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடு. ஜீப்புக்குள் அதை விரிக்க இடமில்லை, கண்ட இடத்தில் இறங்கவும் விடமாட்டார்கள். அதற்குப் பதிலாகத் தையற்காரரிடம் ஒரு பழைய ஜீன்ஸின் காலைக் கொடுத்து, ஒரு முழ நீளத்தில் சிப் வைத்த பையாகத் தைத்து வாங்கு. வெறும் பையாகக் கொண்டுபோய், நைரோபியில் இரண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பு. ஜன்னல் விளிம்பில் போட்டு அதன்மேல் லென்ஸை வைத்தால் ஆடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் பையும் உதவாது, ஆகவே நிறுத்தச் சொல்லி சாரதியிடம் பணிவாகக் கேள். வரும்போது அரிசியை முகாம் சமையற்காரருக்குக் கொடுத்துவிட்டு வா.

லென்ஸ் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைக் கேட்காதே. மாராவின் மிருகங்கள் வாகனத்துக்குப் பழகியவை, பக்கத்திலேயே நிற்கும். 100-400 போதும். குருவி படம் எடுக்கிற பைத்தியம் உனக்கு இருந்தால்தான் 600 தேவை. இரண்டாவது கமராவை யாரிடமாவது இரவல் வாங்கி, அதில் சின்ன லென்ஸைப் போட்டு வைத்துக்கொள். அங்கே புழுதி அப்படி. ஜீப்பில் இருந்து லென்ஸ் கழற்றி மாட்டினால் மறுநாள் படமெல்லாம் புள்ளி விழும்.

மா. கிருஷ்ணனைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். தென்னிந்தியக் காடுகளில் யானை முதுகில் ஏறிப் போய்க் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவருடைய கமரா அவரே துண்டு துண்டாகச் சேர்த்துப் பொருத்தியது. ‘சூப்பர் பொண்டெரோசா’ என்று அதற்குப் பட்டப் பெயரும் வைத்திருந்தார். பார்க்க லட்சணமில்லாத சாமான்தான். ஆனால் அதன் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும், எதிரே நிற்கிற மிருகம் அடுத்து என்ன செய்யும் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் நீ இங்கேயே, இந்த ஊரிலேயே பழகிக்கொள்ளலாம்.

முதலில் கோட்டைக்குப் போ. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். பார்த்துப் பார்த்தே அவற்றைக் கவனிக்காமல் விட்டாய். காலையில் சனம் வருமுன் போய், கமராவை எடுக்காமல் கொஞ்ச நேரம் காதுகளை மட்டும் பார். மேய்கிற மானின் காதுகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே திசையில் நிமிர்ந்து, முன்காலால் நிலத்தை ஒருமுறை உதைத்தால், அது எதையோ கண்டு பயந்துவிட்டது. இனிப் பாயும். பாய்ந்த பிறகு அழுத்தினால் வெறும் பின்பக்கம்தான் கிடைக்கும். உதைத்த கணத்திலேயே உன் விரல் ஆயத்தமாக இருக்க வேண்டும், ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குக் குறையக்கூடாது. மாராவில் இம்பாலா மானும் காதாலேதான் பேசும். பின்னால் கடல் வெளிச்சம் அடிக்கும்போது மானின் முகம் கறுத்துப் போகாமல் எடுப்பதும் அங்கேயே படிக்க வேண்டிய பாடம்.

அடுத்தது படகு. மே முதல் ஓகஸ்ட் வரை உப்புவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் திமிங்கிலம் பார்க்கப் படகு போகிறது. துறைமுக வாயிலுக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அந்த ஆழம் கரைக்குக் கிட்ட வருவதால்தான் நீலத் திமிங்கிலமும் இங்கே கரைக்குக் கிட்ட வருகிறது. 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற ஆய்வுப் படகு இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து திரிந்தது. நீ ஒருமுறை போய், ஆடுகிற படகில் முழங்காலை இளக்கி நின்று, மூச்சு விடுகிற தண்ணீர்த் தூணைப் பிடித்துப் பார். அது கைவந்தால் ஜீப் குலுக்கம் உன்னை ஒன்றும் செய்யாது. கரைக்கு வந்ததும் உப்பை ஈரத்துணியால் துடைக்க மறக்காதே.

பிறகு கவுடுல்ல. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பாதையில் போனால் அரை நாள் வேலை. மின்னேரியாவும் கவுடுல்லவும் மகாசேன மன்னன் கட்டிய குளங்கள். ஒன்று 1997இலும் மற்றது 2002இலும் தேசியப் பூங்காவாகின. கோடையில் குளம் வற்ற, அடித்தரையில் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்காக நூற்றுக்கணக்கில் யானைகள் இறங்கும். ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்தொகையாக ஓரிடத்தில் கூடுவது உலகத்தில் வேறெங்கும் அரிது. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு மின்னேரியாவுக்குக் கோடையிலும் தண்ணீர் வருகிறது, சில வருடங்களில் புல்லே மூழ்கிவிடுகிறது. ஆகவே போகிற கிழமை எங்கே யானை இறங்குகிறது என்று ஹபரணை ஜீப்காரர்களிடம் கேட்டுவிட்டுப் போ. கென்யாவுக்குக் கொண்டுபோகும் அதே கமராவையும் லென்ஸையும் அந்த அரிசிப் பையையும் அங்கே கொண்டு போ. எது மிச்சம், எது குறை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பட்டியலைத் திரும்ப எழுது.

நம் யானைகளில் கொம்பன்கள் மிகக் குறைவு. ஆபிரிக்காவிலோ பெட்டை யானைக்கும் தந்தம் இருக்கும். கறுத்த உடம்பும் வெள்ளைத் தந்தமும் ஒரே படத்தில் வந்தால் ஒன்று எரிந்துபோகும் அல்லது மற்றது இருண்டுபோகும். இதைப் பழக ஆபிரிக்காவரை போகத் தேவையில்லை. கந்தளாய் வயலில் எருமை முதுகில் கொக்கு நிற்கும். கொக்கின் சிறகு எரியாமல் எருமையின் கண் தெரிகிறவரை எடுத்துப் பார்.

கந்தளாய், வெருகல் பக்கத்து ஆட்களிடம் யானையைப் பற்றி வாய் திறந்து பார். அவர்களுக்கு அது படமில்லை. கையில் யானை வெடியோடு காவற்கொட்டிலில் விழித்திருக்கிற இரவு. மாராவைச் சுற்றியுள்ள காப்புநிலங்களில் பெரும்பகுதி மசாய் மக்களின் சொந்தக் காணி. அவர்களுடைய மாட்டையும்தான் சிங்கம் பிடிக்கிறது. சாரதியிடம் ‘சிங்கம் எங்கே’ என்று மட்டும் கேட்காமல், அந்தக் கதைகளையும் கேள். லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் வரிக்குதிரைகளோடு திரிகிற நாட்டில், ஆற்றங்கரையில் அரை நாள் காத்திருந்தும் ஒன்றும் ஆற்றைக் கடக்காமல் போகலாம். அப்போது ‘இன்னும் கிட்டப் போங்கள்’ என்று சாரதியை நெருக்காதே. வாகனம் வழியை மறித்தால் கூட்டம் திரும்பிப் போய்விடும். மின்னேரியாவில் யானைக் கூட்டத்தை ஜீப்புகள் வளைத்து நிற்பதைப் பார்த்து நீயே திட்டியவள்தானே.

கச்சான் காற்றில் வளர்ந்த நமக்குக் குளிர் உடுப்பு என்ற நினைப்பே வராது. நைரோபி கிட்டத்தட்ட நுவரெலியா உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் விடியற்காலை திறந்த ஜீப்பில் பல் கிட்டும். சுவெட்டரும் காதை மூடும் தொப்பியும் எடுத்துக்கொள். நிறம் மண் நிறமாக இருக்கட்டும். கருநீலமும் கறுப்பும் ஸெட்ஸி ஈயைக் கூப்பிடும். இராணுவப் புள்ளித் துணி ஆபிரிக்காவில் பல நாடுகளில் சாதாரண ஆட்களுக்குத் தடை. இந்த ஊரில் வளர்ந்த உனக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. ட்ரோன் நினைப்பையும் விட்டுவிடு, அனுமதியில்லாமல் அங்கே பறக்கவிட ஏலாது.

அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டித் தருவா. தரட்டும், ஆனால் சொப்பிங் பையில் வேண்டாம். கென்யா 2017 ஓகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது, அபராதமும் சிறையும் உண்டு. தகர டின்னில் போட்டுத் துணியால் கட்டச் சொல்லு.

மருந்து விஷயத்தைக் கடைசியில் எழுதினாலும் நீ முதலில் செய்ய வேண்டியது அதுதான். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போட்டுப் பத்து நாள் கழித்தே அதற்கான சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் கட்டுநாயக்கவில் சிக்கல். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். மலேரியாத் தடுப்புக் குளிசையைப் பயணம் போகிறவர்களுக்கு மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகவே தருகிறது. போகுமுன் தொடங்கி, வந்த பிறகும் சொன்ன நாள்வரை விழுங்கு. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. நோய்தான் போனது, நுளம்பு போகவில்லை. வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டொக்டரிடம் முதல் வார்த்தையாக ‘ஆபிரிக்கா போய் வந்தேன்’ என்று சொல்.

லென்ஸை வாடகைக்கும் எடுக்கலாம், சப்பாத்தை இரவலும் வாங்கலாம். ஊசிக்கு மட்டும் இந்தக் கிழமையே நாள் எடு.

அன்புடன்
உன் மாமா