பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறதா?

விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேக்காவுக்கு வருகிறீர்கள். விரைவுச்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. பட்டறையில், "டிஸ்க் வளைஞ்சிருச்சு, மாத்திரலாம்" என்கிறார்கள். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். காரணத்தைக் களையாமல் மாட்டிய புது டிஸ்க்கும் சில மாதங்களில் ஆடத் தொடங்கும்.

முதலில் அதிர்வு எங்கே என்று பாருங்கள். பிரேக் மிதிக்காமலே ஆடினால் டயரையும் வீல் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க். பெடலும் இருக்கையும் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கர டிரம்மைச் சோதியுங்கள். திடீரென ஓங்கி மிதிக்கும்போது மட்டும் பெடல் துடித்தால் அது ஏபிஎஸ் வேலை செய்வது, கோளாறு அல்ல.

டிஸ்க் உண்மையிலேயே வளைவது அபூர்வம். அதன் கனம் இடத்துக்கு இடம் மாறுவதுதான் வழக்கமான கோளாறு. சூடேறிய பிரேக்கை சிக்னலில் அழுத்திப் பிடித்தபடி நின்றால், பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தாலோ, வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கியிருந்தாலோ டிஸ்க் சற்றே சாய்ந்து சுழன்று, நாளடைவில் ஒரு பக்கம் தேயும். காலிபர் பின் இறுகிப்போனால் பேட் விடாமல் உரசிச் சூடேற்றும்.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்க்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டியபின் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்க்கட்டும். பல வண்டிகளில் ஆட்டத்துக்கான வரம்பு 0.05 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. கனத்தை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க வேண்டும். டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகாது என்றால் அதன் முகத்தைச் சீவிச் சமன்செய்யும் ஸ்கிம்மிங் போதும். போகும் என்றால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள்.

புது பேட் போட்டதும், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் 60லிருந்து 10 வரை மிதமாக வேகம் குறைத்து, முழுதாக நிற்காமல் எட்டு, பத்து முறை பழக்குங்கள். பிறகு பிரேக் ஆறும்வரை மெதுவாக ஓட்டுங்கள்.

வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச எடையைத் தாண்டாதீர்கள். அதிகச் சுமை பிரேக்கை அதிகம் சூடாக்கும். பின்னால் தொழிலாளர்களை ஏற்றும் லாரியில் நடுக்கம் தெரிந்தால், சரிசெய்து முடிக்கும்வரை அதில் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.