பூகோளம் படித்தால் பயன் உண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேச்சு முடிந்ததும் பிள்ளைகளின் படிப்புப் பேச்சு தொடங்கிவிடுகிறது. "கேட்ட பாடம் கிடைக்கல, பூகோளம்தான் கிடைச்சிருக்கு. சேர்க்கலாமா, இல்ல பணம் வீணா போயிடுமா?" என்று உறுப்பினர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். ஆடு வாங்கக் கடன் கேட்டால் ஆட்டின் விலை என்ன, தீவனச் செலவு என்ன, எத்தனை மாதத்தில் வருமானம் வரும் என்று நாம் கேட்போம் அல்லவா? படிப்புக்கும் இதே மூன்று கேள்விகள்தான். இந்த மாதப் பாடமாக அதைப் பார்ப்போம்.

என்ன படிப்பு இது?

பி.எஸ்சி. புவியியல் மூன்று வருடப் படிப்பு. மழை, மண், ஆறு, மக்கள்தொகை, ஊர்கள் வளரும் விதம் எல்லாம் பாடமாக வரும். வரைபடம் வரைவது, செயற்கைக்கோள் படத்தைப் படிப்பது, ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட வேலை ஆகியவையும் உண்டு. வேலை தேடும்போது அதிகம் கைகொடுப்பது இந்தக் கணினி வேலைதான்.

செலவு எவ்வளவு?

சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் எல்லா அரசுக் கல்லூரியிலும் கிடையாது. அதனால் ஊரிலிருந்து போய்வர முடியுமா என்பதை முதலில் பாருங்கள். பழகிக்கொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

வழி 1: அரசுக் கல்லூரி, வீட்டிலிருந்தே போய்வருவது. கட்டணம், புத்தகம், ரெக்கார்டு நோட்டு, களப்பயணம் எல்லாம் சேர்த்து வருடம் ரூ.15,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு ரூ.45,000.

வழி 2: தனியார் கல்லூரி, விடுதியில் தங்குவது. கட்டணம் ரூ.40,000, விடுதி ரூ.60,000, மற்றவை ரூ.10,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு ரூ.3,30,000.

மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். மூன்று வருடத்தில் ரூ.36,000. முதல் வழியில் கைச்செலவு ரூ.9,000 ஆகக் குறைகிறது. இரண்டாவது வழியில் ரூ.2,94,000 மிச்சம் நிற்கிறது. கல்லூரி தூரமாக இருந்தால் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் மாணவியர் விடுதியில் இடம் கேளுங்கள். அங்கே தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

என்ன வேலைக்கு உதவும்?

ஆசிரியர் வேலை: பட்டம் மட்டும் போதாது. பி.எட். இரண்டு வருடம், பிறகு டெட் தேர்ச்சி, அதன் பிறகு போட்டித் தேர்வு. ஆகவே மூன்று வருடக் கணக்கு போடாதீர்கள், குறைந்தது ஐந்து வருடக் கணக்கு போடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வு: குரூப் 2 போன்றவற்றில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பொது அறிவுத் தாளில் புவியியல் ஒரு பகுதி என்பதால் இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சுலபம்.

ஜி.ஐ.எஸ். வேலை: வரைபடம் தயாரிக்கும் கம்பெனிகள், நகரத் திட்டமிடல், குடிநீர், பேரிடர் மேலாண்மைப் பணிகளுக்கு ஆள் தேவை. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்திய தொலை உணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்பு நடத்துகிறது. படிக்கும்போதே இதைப் பழகிவிட வேண்டும்.

எதற்கு உதவாது?

"பூகோளம் படிச்சா சர்வேயர் ஆகலாம்" என்று சிலர் சொல்வார்கள். 2022-ல் வந்த நில அளவர் அறிவிப்பில் ஐ.டி.ஐ. சர்வேயர், சிவில் டிப்ளமோ போன்ற தகுதிகளைத்தான் கேட்டார்கள். வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கும் இயற்பியல், கணினி போன்ற பாடங்களைத்தான் கேட்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று நம்பாமல், வேலை அறிவிப்பில் தகுதி என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள்.

கடன் வாங்கலாமா?

ஆட்டுக் கடனுக்குச் சில மாதத்தில் வருமானம் வரும். படிப்புக்கு மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். ரூ.3 லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் ரூ.3,000 வட்டிக்கே போகும். ஐந்து ரூபாய் கந்துவட்டி என்றால் மாதம் ரூ.15,000! அசல் அப்படியே நிற்கும். குழுவின் உள்கடனைச் சேர்க்கைச் செலவு போன்ற சிறு தொகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரிய தொகை வேண்டுமென்றால் வங்கிக் கல்விக் கடன்தான் வழி. ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. படிப்பு முடியும் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கருத்து இதுதான். அரசுக் கல்லூரியில், குறைந்த செலவில், அடுத்து பி.எட்.டா, போட்டித் தேர்வா, ஜி.ஐ.எஸ்.ஸா என்று முதல் வருடத்திலேயே தீர்மானித்துப் படித்தால் இது நல்ல படிப்பு. லட்சக்கணக்கில் கடன் வாங்கி, "ஏதோ ஒரு டிகிரி" என்று படித்தால் சுமைதான். செலவு ஆகிறதே என்று மகளின் படிப்பையே நிறுத்திவிட வேண்டாம். மாற்ற வேண்டியது கல்லூரியை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரிலிருந்து போய்வரும் தூரத்தில் எந்த அரசுக் கல்லூரியில் புவியியல் இருக்கிறது?
2. அங்கே கடந்த இரண்டு வருடத்தில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? இருவரையாவது நேரில் விசாரியுங்கள்.
3. மகளுக்கு இந்தப் பாடத்தில் விருப்பம் இருக்கிறதா? அவளிடம் யாராவது கேட்டோமா?