வெளுத்துப்போன நீலம்

இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவன்

என் தந்தையார் வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். சுண்ணாம்பில் நீலம் கலப்பதிலும், கதவு சன்னல்களுக்கு எண்ணெய் வண்ணம் பூசுவதிலும் நீண்ட பழக்கம் உடையவர். சென்ற விடுமுறையில் அவருக்குக் கையாளாகச் சென்றிருந்தேன். பழைய கதவு ஒன்றைக் காட்டி, "ஏன் தம்பி, கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? இந்த நீலம் ஏன் இப்படி வெளுத்துப் போகுது?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். விடை தெரியாமல் தலைகுனிந்தேன்.

விடை தேடியபோது, 'ஸ்மால்ட்' என்னும் பழைய நீல வண்ணத்தின் கதை கிடைத்தது. அதனைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முற்கால ஐரோப்பிய ஓவியர்க்கு நல்ல நீலம் எட்டாத பொருள். ஆப்கானிஸ்தானத்துப் படக்சான் மலைகளில் வெட்டிய நீலக்கல்லிலிருந்துதான் அது கிடைத்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மலிவான மாற்றாக வந்ததே ஸ்மால்ட்.

அது உண்மையில் கண்ணாடித் தூளே. கோபால்ட்டுத் தாதுவை வறுத்து ஆக்சைடாக்கி, வெண்மணலும் பொட்டாஷும் சேர்த்து உலையில் உருக்குவர். அக்கரு நீலக் குழம்பைத் தண்ணீரில் கொட்டினால் நொறுங்கும். பின் ஆலையில் அரைத்து, நீரில் அலசித் தரம் பிரிப்பர். தூள் பருமனாக இருந்தால் நிறம் ஆழமாக இருக்கும். நைசாக அரைத்தால் வெளிறிவிடும்.

இத்தாது ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள ஷ்னேபெர்க் சுரங்கங்களில் மிகுதியாகக் கிடைத்தது. வெள்ளியை எதிர்பார்த்து உருக்கியவர்களுக்கு வெள்ளி கிடைக்கவில்லை. ஆர்சனிக் நச்சுப்புகைதான் கிடைத்தது. சுரங்கத்துப் பூதமான 'கோபோல்டு' செய்த சூழ்ச்சி என்று அவர்கள் நம்பினர். அப்பெயரே கோபால்ட்டு ஆயிற்று. அது ஒரு தனி உலோகம் என்று 1735ஆம் ஆண்டளவில் காட்டியவர் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் கேயோர்க் பிராண்ட்.

ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) தம் பிற்கால ஓவியங்களில் ஸ்மால்டைப் பயன்படுத்தினார். ஆனால் எண்ணெயில் குழைத்துப் பூசிய ஸ்மால்ட் பல ஓவியங்களில் காலப்போக்கில் சாம்பலாகவும் பழுப்பாகவும் மாறிவிட்டது. கோபால்ட்டு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை என்பதே வியப்பு!

கண்ணாடியில் ஒவ்வொரு கோபால்ட்டு அயனியையும் நான்கு ஆக்சிஜன்கள் நான்முகி வடிவில் சூழ்ந்துள்ளன. அந்த அமைப்புதான் நீலத்தைத் தருகிறது. அதற்குத் துணைநிற்பது பொட்டாசியம். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பொட்டாசியத்தைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்துவிடுகின்றன. துணை போனதும் கோபால்ட்டைச் சுற்றி ஆறு அண்டையர் அமைந்த எண்முகி வடிவம் மிகுகிறது, நீலம் மங்குகிறது. எக்ஸ்-கதிர் ஆய்வுகள் இதனை உறுதிசெய்துள்ளன.

இதனோடு ஒத்த மாற்றத்தை நாமே ஆய்வகத்தில் காணலாம். இளஞ்சிவப்பான கோபால்ட்டு குளோரைடு கரைசலில் அடர் ஹைடிரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் நீலமாகிறது. நீர் சேர்த்தால் மீண்டும் இளஞ்சிவப்பாகிறது. அங்கும் ஆறு நான்காகி, நான்கு மீண்டும் ஆறாகிறது. சோதனைக் குழாயில் நொடியில் நாம் பார்ப்பதைப் போன்ற ஒன்று, ஓவியத்தில் மெல்ல மெல்ல நடந்திருக்கிறது. அன்று குறிப்பேட்டில் வெறுமனே எழுதிவைத்த அச்சோதனையின் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

ஊருக்குச் சென்றபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ சரக்கு மேல குத்தமில்லே, அது சேர்ந்த எடந்தான் சரியில்லே" என்றார். ஒரு பாடம் முழுவதையும் அவர் ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

ஆயினும் அவர் கதவுக்குப் பூசும் நீலம் ஸ்மால்ட் அன்று. அது ஏன் வெளுக்கிறது என்ற அவருடைய கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும்; பேராசிரியப் பெருமக்கள் துணைநிற்பார்களாக.