இரத்தப் புற்றுநோயின் வகைகளை அறிவோம்

நாற்றங்காலில் களை மண்டினால் நடவுக்கு நாற்றுக் கிடைக்காது. இதனை உழவர் அனைவரும் அறிவர். நம் உடலில் இரத்தத்திற்கு நாற்றங்காலாக விளங்குவது எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையாகும். பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணுக்களும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும், இரத்தம் உறையத் துணைபுரியும் தட்டணுக்களும் அங்கேயே உண்டாகின்றன. பெரும்பாலும் வெள்ளணுக்கள் பழுதுற்று, கட்டுப்பாடின்றிப் பெருகி, ஏனையவற்றிற்கு இடமில்லாமற் செய்வதே இரத்தப் புற்றுநோய்.

இது ஒரே நோயன்று. நோய் விரைந்து வளர்வதா, மெல்ல வளர்வதா என்றும், லிம்போ அணுக்களின் வழியில் தோன்றியதா, மைலாய்டு அணுக்களின் வழியில் தோன்றியதா என்றும் ஆராய்ந்து, மருத்துவர்கள் இதனை நான்கு முக்கிய வகைகளாகப் பிரிப்பர்.

1. தீவிர லிம்போ வகை: குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது. முதிராத அணுக்கள் சில வாரங்களிலேயே பெருகிவிடும். சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீடிக்கும். மருத்துவ வசதி மிக்க நாடுகளில் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைத்துவிடுகின்றனர்.

2. தீவிர மைலாய்டு வகை: பெரும்பாலும் வயது வந்தோருக்கு வருவது. இதற்கும் காலதாமதம் கூடாது.

3. நாட்பட்ட லிம்போ வகை: முதியோருக்கு வருவது. சிலருக்கு உடனடிச் சிகிச்சை வேண்டுவதில்லை. தவறாத கண்காணிப்பே போதும்.

4. நாட்பட்ட மைலாய்டு வகை: இதற்குக் காரணமான குரோமோசோம் மாற்றம் 1960-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கண்டறியப்பட்டது. 2001-ஆம் ஆண்டில் இமாட்டினிப் என்னும் மாத்திரை வழக்கிற்கு வந்தபின், பலர் நெடுங்காலம் வாழ்கின்றனர். உடல் தேறிவிட்டதென்று தாமாகவே மாத்திரையை நிறுத்துதல் பெருந்தவறு.

இந்நோய்க்கு எதிரான முயற்சியில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தினால் குழந்தைகளிடம் இந்நோய் தற்காலிகமாகத் தணிந்ததை உலகுக்கு அறிவித்தார். அம்மருந்தினை ஆக்கிய ஆய்வுக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

விடாத காய்ச்சல், வெளுத்த முகம், காரணமின்றித் தோலில் நீலத் தழும்பு, ஈறுகளில் இரத்தக்கசிவு, எலும்பு வலி, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை நீடிப்பின், திருஷ்டி என்றும் வெறும் சோகை என்றும் எண்ணி நாட்களை வீணாக்கலாகாது. இவை வேறு நோய்களாலும் வரலாம். ஆயினும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எளிய சோதனையே முதல் ஐயத்தைக் காட்டிவிடும். பின்னர் மஜ்ஜைச் சோதனையால் வகை உறுதிப்படும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை மூன்று. இந்நோய் தொற்றுவதன்று, ஆகவே நோயுற்ற குழந்தையைப் பள்ளியிலோ தெருவிலோ எவரும் ஒதுக்காதபடி காத்தல் வேண்டும். அரசு மருத்துவமனையையும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் நாட, அக்குடும்பத்திற்கு வழிகாட்டுதல் வேண்டும். சிகிச்சையின்போது அடிக்கடி இரத்தம் தேவைப்படுமாதலால், இரத்ததானம் செய்ய முன்வருவோரின் பட்டியலை ஊர்தோறும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். காலத்தே களையெடுத்தால் பயிர் பிழைக்கும். காலத்தே கண்டறிந்தால் உயிரும் பிழைக்கும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.