'க்யூரி' வேறு, கறி வேறு

பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கிலத்தில் உள்ள 'கர்ரி' நம் கறி அல்ல, இந்தியாவுக்கு வருமுன்பே அது வெள்ளைக்காரர்களிடம் இருந்தது என்று யாரோ சொன்னதை நம்பி எழுதியிருக்கிறாய். இந்தக் கதை காதில் விழும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. இதற்குச் சாட்சியாக இழுக்கப்படுவது, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி'. அந்தக் 'க்யூரி' பிரெஞ்சிலிருந்து போனது. சமையல் என்கிற தொழிலுக்குப் பெயர். சட்டியில் கொதிக்கும் எந்தப் பதார்த்தத்தையும் அது குறிக்கவில்லை. ஒலி ஒத்துப்போனால் போதும், பொருளைப் பார்க்க வேண்டாம் என்றால் சொல்லாராய்ச்சி எதற்கு?

நம் சொல் கப்பலேறிய தடம் தெளிவாகவே கிடைக்கிறது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா தா ஓர்த்தாவின் போர்த்துகீசிய நூலில் 'கரில்' இருக்கிறது. கண்டி அரசில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இலங்கைச் சோற்றோடு இதையும் சொல்கிறார். 1747இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலில் 'இந்திய முறைக் கர்ரி' சொல்லித்தருகிறார்: கோழி அல்லது முயல், வெங்காயம், முப்பது மிளகு. கொத்தமல்லி விதையைச் சுத்தமான கரிவாரியில் போட்டு அடுப்பில் வறுக்கச் சொல்கிறாரே, அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று! மஞ்சளும் இஞ்சியும் பின்பதிப்புகளில்தான் சேர்ந்தன.

'கறியில் லகரம் ஏது?' என்று கேட்பாய். அது கன்னட வடிவம், போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டது அதைத்தான் என்று யூலும் பர்னெலும் 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் எழுதினார்கள். ஆக, உன் கன்னட நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. தமிழன் மட்டும் மார்தட்ட வேண்டாம்.

கிளாஸ் அம்மாளின் மிளகை விட மனமில்லை. சங்க இலக்கியத்தில் கறி என்றால் பெரும்பாலும் மிளகு. யவனர் மரக்கலங்கள் முசிறியில் பொன்னைக் கொடுத்து ஏற்றிப்போனதாக அகநானூறு சொல்வது இதைத்தான். மிளகிட்டுச் சமைத்தது கறியானது, பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதெல்லாம் கறியானது என்பது என் கட்சி. கடித்துத் தின்பது என்ற பொருளில் 'கறித்தல்' இருக்கிறதே, அதிலிருந்து வந்திருக்கலாமே என்பார்கள். மிளகும் கடித்தால் உறைப்பதுதான், ஆகவே அது என் கட்சிக்கு முரணில்லை. கறி இறைச்சியைத்தானே குறிக்கிறது என்றால், காய்கறியை என்ன செய்வது? யாழ்ப்பாணத்தில் சைவச் சாப்பாடே மரக்கறிதான். ஒன்று மட்டும் எச்சரிக்கை: இங்கே மிளகைக் 'கரிமெணசு' என்பதைச் சான்றாக எடுத்துக்கொண்டு வராதே. கன்னடத்தில் அந்தக் 'கரி'க்குக் கறுப்பு என்று பொருள். இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் குழப்பிக்கொண்டு எழுதும் பழக்கத்தை இனியாவது விடு.